ராணுவ ரேடியோக்களை ஒரே நெட்வொர்க்கில் பேசவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்க்களத்தில் பயன்படும் வெவ்வேறு ரேடியோக்களை ஒன்றோடொன்று பேசவைப்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பொறியியல் மாணவர்கள், மென்பொருள் பக்கத்திலிருந்து இந்தத் துறைக்கு வருபவர்கள், "நடுவில் ஒரு ரவுட்டரைப் போட்டால் முடிந்தது" என்று நம்புபவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதியது. எல்லாமே பொதுவெளியில் இருக்கும் விவரங்கள்தான். ரகசியம் தேடி வந்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இரண்டு செட்டையும் ஒரே அலைவரிசையில் வைத்தால் பேசிவிடாதா?

பழைய அனலாக் செட்டுகள் என்றால் பெரும்பாலும் பேசிவிடும். இரண்டும் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள வி.எச்.எஃப் பகுதியில், எஃப்.எம் முறையில், மறையாக்கம் இல்லாமல் இருந்தால் எந்த நாட்டுச் செட்டாக இருந்தாலும் குரல் கேட்கும். அதிலும் ஒரு பொறி உண்டு. நேட்டோ வகை செட்டுகள் பல, குரலோடு சேர்ந்து 150 ஹெர்ட்ஸ் தொனி ஒன்று வந்தால்தான் ஸ்பீக்கரைத் திறக்கும். எதிர்ப்பக்கச் செட் அந்தத் தொனியை அனுப்பாவிட்டால் சிக்னல் நன்றாக வந்துகொண்டிருக்கும், காதில் மட்டும் எதுவும் விழாது.

இன்றைய டிஜிட்டல் செட்டுகளில் அலைவரிசை பொருந்துவது ஆரம்பம் மட்டுமே. பண்பேற்ற முறை, பிழைதிருத்தக் குறியீடு, குரலை எண்களாகச் சுருக்கும் வோகோடர், மறையாக்கச் சாவி, பாக்கெட்டின் வடிவம், உள்ளே இருக்கும் செய்தியின் பொருள் என்று ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். இதில் காற்றில் போகும் பகுதி முழுவதையும் சேர்த்து வேவ்ஃபார்ம் என்பார்கள். ஒன்று பிசகினாலும் "கொஞ்சம் மங்கலாகக் கேட்கும்" என்ற நிலையே கிடையாது, முழு அமைதிதான்.

ஒரே நாட்டுப் படைகளுக்குள்ளேயே இந்தப் பிரச்சினை ஏன் வருகிறது?

தரைப்படைக்குக் காடு மேடுகளைத் தாண்டிப் போகும் வி.எச்.எஃப் வேண்டும், விமானங்களுக்கு 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள யு.எச்.எஃப் வேண்டும், கடற்படைக்கு நெடுந்தூர எச்.எஃப்பும் செயற்கைக்கோளும் வேண்டும். ஒவ்வொரு படையும் தனக்கு வேண்டியதைத் தன் பணத்தில், தன் காலத்தில் வாங்கியது. பக்கத்துப் படையோடு பேசுவது யாருடைய பட்ஜெட்டிலும் ஒரு வரியாக இல்லை.

1983-ல் அமெரிக்கா கிரெனடா தீவில் இறங்கியபோது இதன் விலை தெரிந்தது. கரையில் இருந்த தரைப்படைப் பிரிவுகள் சிலவற்றால் கண்ணெதிரே கடலில் நின்ற கப்பல்களோடு நேரடியாகப் பேச முடியவில்லை. ஒரு சிப்பாய் சாதாரணத் தொலைபேசியிலிருந்து அமெரிக்காவுக்கே கூப்பிட்டு உதவி கேட்டதாக ஒரு கதை உண்டு, அதற்குப் பல வடிவங்களும் உண்டு. கதை எப்படியோ போகட்டும், முப்படைகளையும் கூட்டாக இயங்க வைக்க 1986-ல் வந்த கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டத்துக்கு கிரெனடா அனுபவமும் ஒரு காரணம்.

இன்னொன்று, ராணுவ ரேடியோ ஒன்று இருபது முப்பது வருடம் ஓடும். புதிய செட் வந்ததும் பழையதைத் தூக்கிப் போட யாரிடமும் பணம் இல்லை. ஆகவே எந்தக் காலத்திலும் இரண்டு மூன்று தலைமுறைச் செட்டுகள் களத்தில் ஒன்றாகத்தான் இருக்கும். இதை "சீக்கிரம் சரியாகிவிடும்" வகைப் பிரச்சினையாகப் பார்க்காமல் நிரந்தர நிலையாக எடுத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

ஹாப்பிங் என்கிறார்களே, அது ஏன் இவ்வளவு தலைவலி?

எதிரி ஒரு அலைவரிசையைப் பிடித்து இரைச்சலை ஏற்றி அடைத்துவிடக் கூடாது என்பதற்காக ரேடியோ ஓயாமல் அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்கத் தரைப்படையின் சின்கார்ஸ் செட் 30 முதல் 87.975 மெகாஹெர்ட்ஸ் வரை, 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ள 2,320 அலைவரிசைகளுக்குள் விநாடிக்குச் சுமார் 111 முறை தாவும். விமானங்களுக்கான ஹேவ் குயிக் யு.எச்.எஃப்பில் வேறு கணக்கில் தாவும். லிங்க் 16 என்ற தரவு இணைப்பு 960 முதல் 1215 மெகாஹெர்ட்ஸ் வரை 51 அலைவரிசைகளில், விநாடிக்குப் பல்லாயிரம் முறை. இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று இருப்பதே மற்றொன்றுக்குத் தெரியாது.

ஒரே வகை செட்டுக்குள்ளும் இது சுலபமில்லை. ஆபரேட்டர் செய்வதைப் பாருங்கள். சாவி ஏற்றும் கருவியைக் கேபிளில் செருகி, எந்தெந்த அலைவரிசைகளில் தாவலாம் என்ற பட்டியல், தாவும் வரிசையைத் தீர்மானிக்கும் சாவி, குரலை மறைக்கும் இன்னொரு சாவி ஆகியவற்றை ஏற்ற வேண்டும், அப்புறம் நெட் (ஒன்றாகப் பேசும் செட்டுகளின் குழு) எண், கடைசியாக நேரம். நான்கு சரியாக இருந்து நெட் எண்ணில் ஒரே ஒரு இலக்கம் மாறிப்போனால், பட்டனை அழுத்தும்போது செட் வழக்கம்போல "அனுப்புகிறேன்" என்று காட்டும், பேட்டரியும் இறங்கும், எதிர்முனையில் மட்டும் ஒன்றும் கேட்காது. பிழைச் செய்தி எதுவும் வராது. அப்படி வராமல் இருப்பதுதான் வடிவமைப்பே, ஏனென்றால் தப்பான சாவி வைத்திருப்பவன் எதிரியாகவும் இருக்கலாம். இங்கே பொறுமை போய், "செட் ரிப்பேர்" என்று எழுதி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

நேரம்தான் இதில் அடிக்கடி கழுத்தை அறுப்பது. எல்லாச் செட்டும் ஒரே கடிகாரத்தை வைத்துத் தாவுவதால் நேரம் சில விநாடிகள் விலகினாலே நெட்டில் சேர முடியாது. பொதுவாக ஜி.பி.எஸ் வழியாக நேரம் வாங்கிக்கொள்ளும். ஜி.பி.எஸ்ஸை எதிரி அடைத்த இடத்தில் ஒருவர் கையால் நேரம் போட, அதுவும் ஒரு பக்கம் உள்ளூர் நேரம், மறுபக்கம் ஜூலு நேரம் (உலகப் பொது நேரமான யு.டி.சி) என்று போட, அன்றைக்கு அந்த நெட் எழுந்திருக்காது.

மறையாக்கச் சாவியைப் பகிர்ந்துகொண்டால் போதாதா?

"போதாதா" என்று கேட்பது சுலபம். என்னைக் கேட்டால் இந்த மொத்தப் பிரச்சினையிலும் கடினமான இடமே இதுதான், அதில் தொழில்நுட்பத்தின் பங்கு பாதிகூட இல்லை. ஒரு நாட்டின் உயர்மட்ட மறையாக்க முறை அதன் மிகப்பெரிய ரகசியங்களில் ஒன்று. கூட்டாளி நாடாக இருந்தாலும் அந்த வன்பொருளைக் கையில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் அதற்குத் தனிக் கணக்குப் புத்தகம், தனிப் பொறுப்பாளர், பூட்டிய அறை, இரண்டு கையெழுத்து எல்லாம் உண்டு. ஒரு செட் தொலைந்துவிட்டால் அந்தச் சாவியை வைத்திருக்கும் எல்லோரும் உடனே மாற்ற வேண்டும், அதில் மூன்று நாடுகள் இருந்தால் மூன்று தலைநகரங்களின் அனுமதி வரவேண்டும்.

அதனால் நடைமுறையில் சில வழிகள்தான் மிஞ்சுகின்றன. கூட்டணிக்கென்று ஏற்றுமதி அனுமதியுள்ள, ஒரு படி குறைந்த மறையாக்கத்தை எல்லோரும் பயன்படுத்துவது ஒன்று. ஒரு நாடு தன் செட்டையும் தன் ஆட்களையும் மற்ற நாட்டுப் பிரிவுக்கு அனுப்பிவைப்பது இன்னொன்று. தந்திரோபாய மட்டத்தில் பேசும் பேச்சு பெரும்பாலும் சில மணி நேரத்தில் பழசாகிவிடும் என்பதால், "என்றைக்கும் உடைக்க முடியாத" மறையாக்கத்துக்குப் பதிலாக "இன்று மாலைவரை தாங்கும்" மறையாக்கம் போதும் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் பிடிக்கும். கையெழுத்துப் போடும் அதிகாரிகளுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

கேட்வே வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

தீரும், கூடவே புதிதாக நான்கைந்து பிரச்சினைகளையும் கொடுத்துவிட்டுப் போகும். மிக எளிய கேட்வே இப்படி இருக்கும்: இரண்டு ரேடியோக்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் ஸ்பீக்கர் வெளியீட்டை மற்றதன் மைக்கில் இணைத்து, ஒன்றில் குரல் வந்ததும் மற்றதன் பட்டன் தானாக அழுந்தும்படி செய்வது. சாவி பிரச்சினையும் வேவ்ஃபார்ம் பிரச்சினையும் ஒரே அடியில் போய்விடுகின்றன. அவசரத்துக்கு இதைவிடச் சீக்கிரமான வழி கிடையாது.

சரி, என்ன கெடுகிறது? முதலில், பேச்சின் முன்பகுதி வெட்டுப்படும். மறையாக்கம் உள்ள செட்டில் பட்டனை அழுத்தியதும் இரு முனைகளும் ஒத்திசைய ஒரு கணம் ஆகும். நேரடியாகப் பேசுபவர் ஒரு பீப் கேட்டபின் பேசத் தொடங்குவார். கேட்வே குரல் வந்த பிறகுதான் இரண்டாவது செட்டை அழுத்துகிறது, ஆக இரண்டாவது நெட்டில் இருப்பவருக்கு முதல் சொல் போய்ச் சேராது. முதல் சொல் பெரும்பாலும் யாரைக் கூப்பிடுகிறார் என்ற அழைப்புப் பெயர். அது போய்விட்டால் "மேலே நகருங்கள்" என்ற ஆணை நெட்டில் உள்ள எல்லோருக்கும் விழும், யாருக்கானது என்று மட்டும் தெரியாது. கேட்வே இருக்கும் நெட்டில் பட்டனை அழுத்தி இரண்டு விநாடி விட்டுப் பேசுங்கள் என்று சொல்லித் தருவதே சரியான பயிற்சி. நல்ல கேட்வேக்கள் குரலைச் சற்றுத் தேக்கிவைத்து அனுப்பும், ஆனால் அப்போது தாமதம் கூடும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வதும் கூடும்.

அடுத்தது குரலின் தரம். ஒரு பக்கம் விநாடிக்கு 2,400 பிட்டுக்குச் சுருக்கும் மெல்ப்-இ வோகோடர், மறுபக்கம் குரலை 16 கிலோபிட்டில் எண்ணாக்கும் சி.வி.எஸ்.டி முறை. ஒன்றை விரித்து மறுபடி மற்றதில் சுருக்கும்போது எண்களும் பெயர்களும் குழறும். துப்பாக்கிச் சத்தம் பின்னணியில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் சுற்றல். ஒரே இரண்டு நெட்டுகளை இரண்டு இடங்களில் இரண்டு பிரிவினர் தனித்தனியாகக் கேட்வே போட்டு இணைத்துவிட்டால், முதல் கேட்வே அனுப்பியதை இரண்டாவது கேட்டுத் திருப்பி அனுப்பும், அதை முதலாவது மறுபடி அனுப்பும், யாராவது ஒன்றின் பவரைப் பிடுங்கும்வரை நெட் முழுக்க இரைச்சல்தான். ஒன்று இருப்பது மற்றவருக்குத் தெரியாததால் பல நேரம் காரணமே பிடிபடாது. கேட்வே எங்கே, யார் பொறுப்பு என்பதைத் தகவல்தொடர்புத் திட்டத்திலேயே எழுதிவைக்கச் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, மறையாக்கம் விலகிய குரல் அந்தப் பெட்டிக்குள் வெட்டவெளிச்சமாக இருக்கிறது. ஆகவே அந்தப் பெட்டியையும் அதை வைத்த வண்டியையும் சாவியைப் போலவே காக்க வேண்டும். எந்நேரமும் இரண்டு மூன்று அலைவரிசைகளில் ஒலிபரப்பும் வண்டியை சிக்னல் வரும் திசையைக் கண்டறியும் எதிரியின் கருவிகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும்.

பெரிய அளவில் இதையே வானத்தில் செய்தார்கள். ஆப்கானிஸ்தான் மலைகள் ரேடியோவை மறைத்ததால் அமெரிக்க விமானப்படை பேக்கன் என்ற கேட்வேயை குளோபல் ஹாக் வகை ஆளில்லா விமானங்களிலும் ஈ-11ஏ விமானங்களிலும் ஏற்றி மிக உயரத்தில் சுற்றவிட்டது. மலைக்குப் பின்னால் இருந்தவர்களோடு பேசவும் முடிந்தது, வெவ்வேறு தரவு இணைப்புகளை மொழிபெயர்க்கவும் முடிந்தது. எதிரியிடம் வான் பாதுகாப்பு இல்லாத இடத்தில் அருமையான ஏற்பாடு.

எல்லாவற்றையும் ஐ.பி-யில் போட்டுவிட்டால்?

புதிய செட்டுகளில் ஈதர்நெட் துளை இருக்கும், அதைப் பார்த்ததும் வரும் உற்சாகம் எனக்குப் புரிகிறது. ஐ.பி, அதாவது இணையம் பேசும் நெறிமுறை, நல்ல பொது மொழிதான். ஆனால் அடியில் இருக்கும் குழாயின் அகலத்தை அது மாற்றாது. 25 கிலோஹெர்ட்ஸ் வி.எச்.எஃப் சேனலில் விநாடிக்குப் பத்து இருபது கிலோபிட் கிடைத்தாலே பெரிது, அதையும் நெட்டில் உள்ள அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். அகலப்பட்டை செட்டில் மெகாபிட் கணக்கில் போகும். இரண்டையும் ரவுட்டரால் இணைத்துவிட்டு, அகலமான பக்கத்தில் ஒருவர் ஒரு புகைப்படம் அனுப்பினால் குறுகிய பக்கம் பல நிமிடம் முடங்கும். ரேடியோவில் செருகிய லேப்டாப் தானாக மென்பொருள் அப்டேட் தேடப் போய் ஒரு நெட்டையே படுக்கவைக்கும் என்பது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் முதலில் சோதிக்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

இணையத்தில் தரவு தொலையாமல் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் டி.சி.பி-யும் இங்கே சரிப்படாது. பாக்கெட் தொலைந்தால் அது நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். ரேடியோவில் பாக்கெட் தொலைவது மரம் மறைத்ததாலோ எதிரி அடைத்ததாலோ இருக்கும், மெதுவாக்கினால் ஒரு பயனும் இல்லை. அதனால் இடநிலைத் தகவல் போன்றவற்றை, போய்ச்சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் யு.டி.பி-யில், பலருக்கும் ஒரே முறை அனுப்பும் மல்டிகாஸ்ட் முறையில் விடுவார்கள். ஒன்று தொலைந்தால் போகட்டும், அடுத்தது வரும்.

ரவுட்டருக்கும் ரேடியோவுக்கும் இடையே இன்னொரு குருட்டுப்புள்ளி உண்டு. ரவுட்டர் பார்ப்பது ரேடியோவுக்குப் போகும் ஈதர்நெட் கேபிளைத்தான். கேபிள் நன்றாக இருக்கிறது, ஆகவே பாதை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். காற்றில் இணைப்பு அறுந்தது அதற்குத் தெரியாது. ரேடியோ தன் இணைப்பின் நிலையையும் வேகத்தையும் ரவுட்டருக்குச் சொல்வதற்கென்றே டி.எல்.இ.பி என்ற நெறிமுறையை 2017-ல் ஆர்.எஃப்.சி 8175 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியிட்டார்கள். புதிதாக வாங்குபவர்கள் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் சில கேள்விகளில் இது இருக்கிறதா என்பதும் ஒன்று.

மென்பொருள் ரேடியோ வந்துவிட்டதே, வேவ்ஃபார்மை மாற்றி ஏற்றிக்கொள்ளலாமே?

இந்த நினைப்பில்தான் அமெரிக்கா 1997-ல் ஜே.டி.ஆர்.எஸ் என்ற மாபெரும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரே குடும்பச் செட்டுகள், எந்த வேவ்ஃபார்மையும் ஏற்றலாம், எல்லாப் படைகளுக்கும் பொது. பல பில்லியன் டாலர் செலவானது. வாகனங்களுக்கான செட்டை 2011-ல் ரத்து செய்தார்கள்: விலை, எடை, சூடு, சிக்கல் எல்லாம் கைமீறிப் போயிருந்தன. ஒரே பெட்டி எல்லா வேலையையும் செய்ய வேண்டும் என்ற ஆசைதான் திட்டத்தைக் கவிழ்த்தது என்பது என் கருத்து. ஆனால் அதிலிருந்து பிறந்த எஸ்.சி.ஏ என்ற மென்பொருள் கட்டமைப்பு பிழைத்துக்கொண்டது, மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து எஸ்ஸோர் திட்டத்தில் ஒரு பொது அகலப்பட்டை வேவ்ஃபார்மை உருவாக்கின. ஒவ்வொரு நாடும் தன் சொந்தத் தயாரிப்பில் அதை ஏற்றிக்கொள்ளலாம். இந்த வழிதான் எனக்கு நடைமுறைக்கு ஒத்துவருவதாகப் படுகிறது: பெட்டி அவரவருடையது, காற்றில் போவது மட்டும் பொது.

ஒரு எச்சரிக்கை. ஒரே வேவ்ஃபார்ம் இரண்டு நிறுவனச் செட்டுகளில் ஏறுகிறது என்பதால் அவை காற்றில் பேசிக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. வேகமான கணக்குகள் ஓடும் சில்லுக்கான நிரல் ஒவ்வொரு வன்பொருளுக்கும் மாற்றி எழுதப்படுகிறது. அந்த இடத்தில் நேரக்கணக்கு மயிரிழை விலகினாலும் போச்சு.

இணைப்பு கிடைத்துவிட்டது, தரவும் வருகிறது. வேலை முடிந்ததா?

பாதி. வரைபடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். லிங்க் 16-க்கு அதன் ஜே-வரிசைச் செய்திகள், தரைப்படைக்கு வி.எம்.எஃப், கைப்பேசி வரைபடச் செயலிகளுக்கு கர்சர் ஆன் டார்கெட் என்று ஆளாளுக்கு ஒரு செய்தி வடிவம். மொழிபெயர்க்கும்போது எதையாவது இழப்போம். லிங்க் 16-ல் ஒரு இலக்கின் அடையாளத்துக்கு ஏழு நிலைகள் உண்டு: நிலுவை, தெரியாதவர், நண்பராகக் கருதப்படுபவர், நண்பர், நடுநிலை, சந்தேகத்துக்குரியவர், எதிரி. மறுபக்க மென்பொருளில் மூன்றுதான் இருக்கிறது என்றால் "சந்தேகத்துக்குரியவர்" எந்தப் பெட்டியில் விழுவார்? அதை நிரலாளர் ஒருவர் தன் மேசையில் தனியாக முடிவுசெய்யக் கூடாது. அந்தப் பக்கம் இருப்பவர் அதை வைத்துச் சுடுவார்.

கர்சர் ஆன் டார்கெட் செய்தியில் இந்தத் தகவல் எப்போது காலாவதியாகும் என்று ஒரு புலம் இருக்கிறது. இடையில் உள்ள மொழிபெயர்ப்பி அதை விட்டுவிட்டால், அரை மணி நேரம் முன்பே நகர்ந்துவிட்ட வண்டி வரைபடத்தில் அங்கேயே நிற்கும். ஒரே வண்டியின் தகவல் இரண்டு கேட்வே வழியாக இரண்டு அடையாள எண்ணோடு வந்தால் ஒன்று இரண்டாகும். உயரம் தெரியாதபோது பூஜ்யம் போடுவது, இரு பக்கமும் வெவ்வேறு புவி அளவீட்டு அடிப்படையை வைத்திருப்பது என்று இந்தப் பட்டியல் நீளும். குரல் நெட்டில் பிசகு இருந்தால் அமைதியாவது கிடைக்கும். இங்கே பிசகு இருந்தால் அழகான, தெளிவான, தப்பான படம் கிடைக்கும்.

4ஜி, 5ஜி வைத்தே செய்துவிடலாமே?

முகாமுக்குள், பின்புலத்தில், தாராளமாக. முன்னணியில் கோபுரம் ஒன்று விழுந்தால் எல்லாம் விழும், சிக்னலை அடைப்பதும் இருப்பிடம் கண்டுபிடிப்பதும் சுலபம். துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு செட்டுமே ஒரே தரநிலைக்கு உட்பட்டவை என்று சான்றிதழ் இருக்கிறது. இன்னும் சோதனை தேவையா?

கட்டாயம் தேவை. நேட்டோவின் ஸ்டானாக் என்ற தரநிலை ஆவணங்களில் பதிப்புகள் உண்டு, ஒவ்வொரு பதிப்பிலும் "விரும்பினால் செய்யலாம்" என்ற பகுதிகள் உண்டு. ஒருவர் செய்திருப்பார், மற்றவர் விட்டிருப்பார், இருவரும் சான்றிதழ் பெற்றவர்களே. அ-வும் ஆ-வும் பேசுகின்றன, ஆ-வும் இ-யும் பேசுகின்றன என்பதால் அ-வும் இ-யும் பேசும் என்று சொல்லிவிட முடியாது. இதற்காகவே நேட்டோ ஆண்டுதோறும் சீவிக்ஸ் என்ற சோதனைக் கூடுகையை நடத்துகிறது, போலந்தின் பிட்கோஷ்ச் நகரம் அதன் வழக்கமான இடம். நாடுகள் தங்கள் கருவிகளை இணைத்துப் பார்த்து, எது எதோடு எந்தப் பதிப்பில் ஓடியது, எது ஓடவில்லை என்று குறித்துக்கொள்கின்றன. களத்துக்குப் போகும் முன் உடைவது நல்லது என்பதுதான் அங்கே எல்லோருடைய எண்ணமும்.

ஒரு சிறிய இணைப்புத் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

ரேடியோவிலிருந்து தொடங்காதீர்கள். யார், யாரிடம், எதை, எவ்வளவு சீக்கிரம் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். "எல்லோரும் எல்லோரோடும்" என்று ஒருவர் சொல்வார், அவரை மரியாதையாக ஓரம்கட்டுங்கள். உண்மையில் தேவை பெரும்பாலும் மிகச் சிறியது: பக்கத்துப் பிரிவுத் தளபதிகள் பேச ஒரு குரல் நெட், விமான, பீரங்கி உதவி கேட்க ஒன்று, காயம்பட்டவர்களை எடுத்துப்போகச் சொல்ல ஒன்று, நம் ஆட்கள் எங்கே என்ற தகவல். இதில் குரலுக்குக் கேட்வே போதும். இடநிலைத் தகவலுக்கு வடிகட்டி வைத்த குறுகிய தரவு இணைப்பு போதும். பொது வேவ்ஃபார்ம், பொது மறையாக்கம் எல்லாம் நீண்டகாலத் திட்டத்தில் இருக்கட்டும்.

எதுவுமே வேலை செய்யாவிட்டால்?

ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒரு நிலையான அலைவரிசையில், தாவாமல், மறையாக்கம் இல்லாமல் பேசலாம், சங்கேதக் கேள்வி பதிலால் ஆளை உறுதிப்படுத்திக்கொண்டு. எதிரி கேட்பான் என்று தெரிந்தே பேச வேண்டும். 2022-ல் உக்ரைனுக்குள் நுழைந்த ரஷ்யப் படைகள் பல இடங்களில் திறந்த அலைவரிசையில் பேசியதை ரேடியோ ஆர்வலர்கள்கூடப் பதிவுசெய்தார்கள்.

இல்லையென்றால் பழைய வழி இருக்கவே இருக்கிறது: நம் செட்டோடு நம் ஆட்கள் இருவரை அவர்கள் தலைமையிடத்தில் உட்காரவைப்பது. சாவி நம் கையிலேயே இருக்கும், வேவ்ஃபார்ம் சண்டை கிடையாது, செய்தியைப் புரிந்துகொண்டு சொல்ல ஒரு மனிதர் நடுவில் இருப்பார். அவர்கள் மொழி தெரிந்தவரை அனுப்புங்கள். கூடவே உபரி பேட்டரிகளையும் சார்ஜரையும் கொடுத்தனுப்புங்கள், போன இடத்தில் நம் பேட்டரிக்குப் பொருந்தும் சார்ஜர் இருக்காது.